நான் தலையாட்டிய கேள்வி

எனக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எட்டு நாள் மருத்துவமனையில் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது உடம்பு தேறிவிட்டது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் "எப்படி ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவனாகிக்கொண்டே வருவதைக் கவனித்தேன். இப்படியே போனால் தீபாவளிக்குள் தியாகியாகிவிடுவேன். அதனால்தான் ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் முத்து. வயது நாற்பத்தேழு. தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பை, லேப்டாப் பை, யார் எந்த அளவு கேட்டாலும் தைத்துக் கொடுப்போம். குடியிருப்பது செம்பூர் பக்கம் திலக் நகரில். மனைவி பேச்சியம்மாள். கல்யாணமாகி அவள் திருநெல்வேலியிலிருந்து பம்பாய்க்கு வந்து இருபது வருடமாகிறது. ஒரே மகள் திவ்யா கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

போன வருடம் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். பெயர் வெங்கட்ராமன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி இருபது பைகள் வேண்டும் என்றார். அவருடைய குழு மும்பையிலிருந்து கோவாவுக்கு ஐந்து நாள் சைக்கிளில் போகப்போகிறது, அதை வைத்து நன்கொடை திரட்டி ஏழைக் குழந்தைகளுக்கு இன்சுலின் வாங்கிக் கொடுப்பார்கள் என்று விவரம் சொன்னார். சில குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிடுமாம். தினமும் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. கேட்டதும் எனக்கு மனசு இளகியது. பைகளுக்குக் கூலி வேண்டாம் என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "நீங்களும் வாங்கோளேன்" என்றார். பை தைத்துக் கொடுக்கப் போனவன் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

ஏறியதில் தப்பில்லை. முதல் தப்பு கிங்ஸ் சர்க்கிளில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டி முடித்ததும் எல்லாரும் அங்கே ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது வழக்கம். நான் போன இரண்டாவது ஞாயிறே வெங்கட்ராமன் சார் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"முத்து, உங்களுக்கு சுகர் கிகர் ஏதாவது உண்டா?"

"எனக்கா? தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்று வரை யோசிக்கிறேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பெரிய பெரிய ஆபீஸில் இருந்தவர்கள். என் சைக்கிள் மட்டும்தான் பழையது. உடம்பு ஒன்றாவது அவர்களைவிட உசத்தி என்று காட்டிக்கொள்ளத் தோன்றியது. சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். வாய்ச்சவடாலை நிரூபிக்க அன்னாசி ஷீரா, நம்மூர் கேசரிதான், ஒரு பிளேட் வரவழைத்துத் தின்றேன். அன்றிலிருந்து வெங்கட்ராமன் சார் என்னைப் புதியவர்களிடம் "எங்க குரூப்லயே ஃபிட் ஆனவர் இவர்தான்" என்று அறிமுகப்படுத்த ஆரம்பித்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. சர்க்கரைக்காரனுக்கு ஆகாத இனிப்பு அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு படிவம் தந்தார்கள். ரத்த அழுத்தம், இதயநோய், நீரிழிவு என்று வரிசையாகக் கட்டங்கள். நீரிழிவு இருந்தால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும், அவ்வளவுதான். என்னைப் பார்க்கும் தாராவி டாக்டர் கேட்டால் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். ஆனால் ஷீராவை ஏற்கெனவே தின்றாகிவிட்டதே! 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். இதில் கேவலம் என்னவென்றால், எங்களுக்குக் கொடுத்த மஞ்சள் பனியனின் முதுகில் 'சர்க்கரையை மறைக்காதீர்கள்' என்று இந்தியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு எங்கள் கட்டடத்துக் கூட்டத்தில் பேசி நன்கொடை வாங்கினேன். பேச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். அவளுக்கு இந்தி எழுத்து தெரியாது.

பயிற்சி மும்முரமாக நடந்தது. தொப்பையைக் குறைத்தால்தான் மலைப்பாதை ஏற முடியும் என்று சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் இரண்டு மாதம் அடியோடு விட்டேன். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என் டாக்டர் ஒரு புது மாத்திரை கொடுத்திருந்தார். உடம்பில் அதிகமாக இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மாத்திரை. கொடுக்கும்போதே சொன்னார்: "தண்ணி நெறய குடிங்க. பட்டினி கெடக்காதீங்க. வாந்தி, காய்ச்சல்னு வந்தா இத நிறுத்திட்டு என்னைய வந்து பாருங்க." மூன்றில் தண்ணீரை மட்டும் காதில் வாங்கினேன். வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும்போது அந்த மாத்திரைகளை ஒரு காலி வைட்டமின் டப்பாவில் போட்டு எடுத்துப் போவேன். யாராவது பார்த்தால் வைட்டமின் என்று சொல்லலாம் அல்லவா.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. கடைசி நீளப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே எனக்குக் குமட்டல். ஒன்றும் சாப்பிட முடியவில்லை. காலையில் ஷூ மாட்டும்போது பேச்சி வாசலை மறித்தாள்.

"வேண்டாம்னு சொல்லுதேன்லா. நேத்துலருந்து ஒரு வாய் உள்ள போகல. இன்னைக்கு ஒரு நாள் பேசாம கெடங்க."

"ஒனக்கு என்ன தெரியும்? இன்னைக்குப் போகலன்னா டீம்ல சேக்க மாட்டாங்க."

அதுவும் பொய்தான். மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். வாஷி பாலத்தைத் தாண்டி எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்புகையில் பாலத்துக்கு முன்னாலேயே வாந்தி எடுத்தேன். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. வெங்கட்ராமன் சார் தன் சைக்கிளையும் என் சைக்கிளையும் மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுச் செம்பூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். வழியிலேயே என் போனை எடுத்துப் பேச்சிக்கும் சொல்லிவிட்டார்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் மருத்துவர். கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு. கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே, ஏதாவது குடித்தாரா என்று கேட்டார். வழி நெடுக குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தோம், இவருக்கு ஒரு நோயும் கிடையாது, எங்கள் குழுவிலேயே ஆரோக்கியமானவர் என்று வெங்கட்ராமன் சார் எனக்காக உத்தரவாதம் கொடுத்தார். நான் சொன்ன பொய்யை ஒரு நல்ல மனிதர் உண்மை என்று நம்பிச் சொல்வதைப் படுத்துக்கொண்டே கேட்டேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் பேச்சி ஓடி வந்தாள். வீட்டுப் புடவையோடு, காலில் ஒன்று அவளுடைய செருப்பு, இன்னொன்று திவ்யாவுடையது. மருத்துவர் அவளிடமும் கேட்டார், இந்தியில்: இவருக்கு ஏதாவது நோய் உண்டா?

"சக்கர ஹை, ஸாப். சார் சால் ஸே. ரோஜ் கோலி லேதே."

சர்க்கரை இருக்கிறது, நான்கு வருடமாக, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அவள் சொன்னது இதுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் சர்க்கரையைச் சக்கர என்போம். இந்தியில் சக்கர் என்றால் தலைசுற்றல். தமிழில் எழுதினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எழுத்துத்தான். பதற்றத்தில் அவளுக்கு வீட்டு வார்த்தை வந்துவிட்டது.

"சக்கர்?" என்றார் மருத்துவர்.

"ஹாங், சக்கர."

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "அங்கிள், சக்கர் கி கோலி லேதே ஹோ?"

தலைசுற்றலுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். நான் பிறந்ததே தாராவியில். இந்தி எனக்குத் தாய்மொழி மாதிரி. அவர் என்ன கேட்டார் என்பதும் தெரியும், பேச்சி என்ன சொன்னாள் என்பதும் தெரியும், எங்கே இடறியது என்பதும் அந்த நொடியே தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் வெங்கட்ராமன் சார் என் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தலையாட்டினேன்.

ஒரே தலையாட்டல். பேச்சிக்கு அது உண்மையாகத் தெரிந்தது. மருத்துவருக்கு அது வேறொன்றாகத் தெரிந்தது. இரண்டு பேரையும் ஒரே அடியில் சமாளித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வெயிலில் ஓட்டியதில் உடம்பில் நீர் வற்றிவிட்டது, கூடவே வயிற்றுக் கோளாறு என்று முடிவு செய்து, வார்டில் படுக்க வைத்து சலைன் ஏற்றினார்கள். வாந்தி நிற்க ஊசி போட்டார்கள். மத்தியானம் கொஞ்சம் தெளிவாக இருந்தது. நாலு மணிக்கு மேல் மறுபடியும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஓடிக் களைத்தவன் மூச்சு வாங்குவது போல இல்லை. ஆழமாக, நிறுத்த முடியாமல், யாரோ எனக்குள் உட்கார்ந்து துருத்தி ஊதுவது போல இருந்தது. வயிறு வலித்தது. பேச்சி சொல்வது காதில் விழுகிறது, பதில் சொல்ல நாக்கு வரவில்லை. செத்துப்போவேனோ என்று அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன். அந்தப் பயத்திலாவது உண்மையைச் சொல்ல நினைத்தேன் என்று எழுத ஆசைதான். நினைக்கவில்லை. கோவா போக முடியாதே என்றுதான் நினைத்தேன்.

சாயங்கால டியூட்டிக்கு ஒரு மலையாள சிஸ்டர் வந்தார். தலையணையைச் சரி செய்யக் குனிந்தவர் அப்படியே நின்றார். என் மூச்சை முகர்ந்து பார்த்தார். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை அடித்ததாம். பேச்சியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"சேச்சி, இவர்க்கு ஷுகர் உண்டோ?"

"அதத்தான சிஸ்டர் காலைலயே சொன்னேன்! டாக்டர்ட்ட வாய்விட்டுச் சொன்னேனே, சக்கர இருக்கு, மாத்திர திங்காகன்னு!"

சிஸ்டர் ஓடினார். அதற்குப் பிறகு எல்லாம் வேகவேகமாக நடந்தது. மணிக்கட்டில் ஆழமாக இருக்கும் ரத்தக்குழாயில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஊசி மாதிரி இல்லை, எலும்பில் ஆணி இறக்குவது போல வலித்தது. ரத்தம் எவ்வளவு அமிலமாகியிருக்கிறது என்று பார்க்கிற சோதனை அது. அரை மணி நேரத்தில் என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அங்கே பொறுப்பில் இருந்த பெண் மருத்துவர் பின்னால் விளக்கிச் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். உடம்பில் சர்க்கரையை எரிக்க இன்சுலின் வேண்டும். அது போதாதபோது, அதிலும் பட்டினி கிடந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்படி எரிந்ததில் வருகிற கழிவுக்குக் கீட்டோன் என்று பெயர். அது சேரச் சேர ரத்தம் புளிக்கும். அந்தப் புளிப்பை வெளியேற்றத்தான் நுரையீரல் அப்படித் துருத்தி ஊதுகிறது. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை ஐந்நூறு, அறுநூறு என்று ஏறி நிற்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் விழுங்கிய மாத்திரையோ சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிக்கொண்டே இருந்ததால் எண் மட்டும் குறைவாகக் காட்டியது. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்று காலையில் தெரிந்திருந்தால் அப்போதே சோதித்திருப்பார்கள். ஏழெட்டு மணி நேரம் வீணாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

ஒரு கையில் இன்சுலின், இன்னொரு கையில் குளுக்கோஸ், இரண்டும் ஒன்றாக ஏறின. மணிக்கொரு தடவை விரலில் குத்தினார்கள். பத்து விரலும் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார்கள். அங்கே பகலா இரவா என்று தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஒரு நாள் திரை போட்டு மறைத்தார்கள். அடுத்த தடவை பார்த்தபோது கட்டில் காலியாக இருந்தது. அன்று நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பேச்சியும் திவ்யாவும் வந்தார்கள். நான் கண்ணை மூடிக் கிடந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கால்மாட்டில் தொங்கிய கேஸ் தாளைத் திவ்யா எடுத்துப் பார்த்தாள். அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மெதுவாக வாசித்துத் தாய்க்கு அர்த்தம் சொன்னாள்: நோயாளியைப் பற்றிய விவரம் தந்தவர் மனைவி, மொழி தெரியாததால் தவறான தகவல். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மம்மி, சுகர்னு சொல்ல என்ன? சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். இருபது வருஷமா பாம்பேல இருக்க. சக்கர சக்கரன்னா அவங்களுக்குச் சக்கர்னுதான கேக்கும்? பப்பா போயிருப்பாங்க, சமஜ்தி ஹை கியா? புரியுதா?"

"எனக்கென்னட்டி தெரியும். அந்த நேரத்துல வாயில அதான் வந்துது."

"ஒரு வார்த்த மம்மி. ஒரே ஒரு வார்த்த."

 பேச்சி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும். 'ஒன் அம்மா மேல தப்பில்ல' என்று சொல்ல ஐந்து வினாடி போதும். இமையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

நான்காம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேயும் எல்லாரும் பேச்சியைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் மைத்துனன், அவளுடைய சொந்தத் தம்பி, "அக்காவுக்கு எப்பவுமே பதட்டம்" என்றான். பாவம், முன்பணம் கட்டியவன் அவன்தான். பில்லைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினான்.  பேச்சி காலையில் திலக் நகரிலிருந்து கஞ்சியும் துவையலும் தூக்கில் கொண்டுவருவாள். உப்பில்லாமல் சாப்பிட எனக்குப் பிடிக்காது என்று கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துத் தாளில் மடித்துக்கொண்டு வருவாள். என் கால் நகத்தை வெட்டிவிட்டாள். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் காயம் படக்கூடாது என்று யாரோ சொன்னார்களாம், அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் குனிந்து வெட்டும்போது எனக்குக் காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

வெங்கட்ராமன் சார் தினமும் வந்தார். குழுவில் எல்லாரும் எனக்காகப் பிரார்த்தனை செய்கிறார்களாம், பயிற்சியில் விழுந்த வீரன் என்று என் படத்தைப் போட்டதில் நன்கொடை கூடியிருக்கிறதாம். எனக்குத் தலை நிமிரவில்லை. மெதுவாகக் கேட்டேன்.

"சார், சுகர் இருந்தா டீம்ல சேக்க மாட்டீங்கல்ல?"

"யார் சொன்னா? நம்ம குரூப்ல ஆறு பேருக்கு சுகர் இருக்கு ஓய். நான் பத்து வருஷமா ஊசி போட்டுக்கறேன். லெட்டர் குடுத்தா போறும்." பிறகு என் போர்வையைப் பார்த்துக்கொண்டே, "உங்காத்து மாமியைக் கோச்சுக்காதீங்கோ. பாஷை தெரியாத ஊர்ல அவா என்ன பண்ணுவா" என்றார்.

படிவத்தில் நான் டிக் அடித்த கட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டு நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் மத்தியானம். பேச்சி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மாத்திரைச் சீட்டைத் தேடி அவள் பைக்குள் கையை விட்டேன். ஒரு மருந்துக்கடை ரசீது வந்தது. பின்பக்கம் பேச்சியின் கையெழுத்து. 'மேரே மிஸ்டர் கோ டயாபடீஸ் ஹை' என்று இந்தி வாக்கியம் ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாள், என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அர்த்தம். கீழே அதையே மறுபடி. அதன் கீழே மறுபடி. வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சுனிதா தாயி என்கிற மராத்திக்காரம்மா சொல்லிக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. தாள் முழுக்கப் பதினோரு தடவை எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணின பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுப்பார்களே, அதுதான். தப்புப் பண்ணியவன் கட்டிலில் படுத்துக் கறிவேப்பிலைப் பொடி தின்றுகொண்டிருந்தேன்.

அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன்.

"பேச்சி, அன்னைக்கு அந்த டாக்டர் என்னையும் கேட்டாருல்லா."

"ஆமா."

"தலசுத்தலுக்கு மாத்திர திங்கியான்னுதான் கேட்டாரு. அவரு தப்பா வெளங்கிக்கிட்டாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தலையாட்டுனேன். சார் பக்கத்துல நின்னாரு. அவருட்ட எனக்கு ஒரு சீக்கும் இல்லன்னு சொல்லி வச்சிருந்தேன்."

அவள் சத்தம் போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள்.

"நான் சொன்னது அவருக்கு வெளங்கலியோன்னு எனக்கு அப்பமே ஒரு சந்தேகம் வந்துது," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுவோம்னு வாயெடுத்தேன். நீங்க தலையாட்டிட்டிய. சரி, இவியளே சொல்லிட்டாவ, இவியளுக்கு இந்தி தெரியும், இனிமே நாம எதுக்குன்னு விட்டுட்டேன்."

 என் தலையாட்டல் மருத்துவரை மட்டும்தான் ஏமாற்றியது என்று ஆறு நாளாக நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்ற இரண்டாம் தடவை திறந்த வாயையும் அதுவே மூடியிருக்கிறது.

"மன்னிச்சிரு பேச்சி."

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அந்தப் பேப்பர்ல என்னயல்லா எழுதி வச்சிருக்கு. எம்பிள்ள அத வாசிச்சிட்டு எம்மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா. அத என்ன செய்யப் போறிய?"

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களைக் கொண்டுபோய் விட வெங்கட்ராமன் சார் கார் எடுத்துவந்திருந்தார், உள்ளே வந்து கட்டிலருகே நின்றார். திவ்யா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் அந்தப் பெண் மருத்துவர் கடைசியாகப் பார்க்க வந்தபோது, கேஸ் தாளில் ஒன்று மாற்ற வேண்டும் என்று இந்தியில் சொன்னேன். என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஷீராவிலிருந்து தலையாட்டியது வரை. வார்டில் பாதிப் பேருக்கு இந்தி தெரியும், எல்லாரும் கேட்டார்கள். வெங்கட்ராமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திவ்யா கட்டிய பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து, என்னைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தாள்.

எழுதியதை அடிக்க முடியாது, ஆஸ்பத்திரி ஆவணம் என்றார் மருத்துவர். புதிதாக எழுதிச் சேர்க்கலாம், நோயாளி கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போடுகிறேன் என்றேன். அவர் நின்றவாக்கிலேயே இரண்டு வரி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். 

"என்ன எழுதிருக்கு?" என்று பேச்சி மகளைக் கேட்டாள்.

திவ்யா தாளை வாங்கினாள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல அவளுக்கு வார்த்தை திக்கியது. "பேஷண்டோட வைஃப்... எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லிருக்காங்க. பேஷண்ட் ஹோஷ்ல இருந்தும்... நெனவோட இருந்தும், டாக்டர் கேட்டப்போ... வேணும்னே மறச்சுட்டாரு."

பேச்சி தூக்குப் பாத்திரத்தை மூடித் தரையில் வைத்தாள்.

"இன்னொரு தடவ வாசி," என்றாள்.

திவ்யா வாசித்தாள். இந்தத் தடவை திக்கவில்லை.